பத்து மீட்டர், நான்கரை மில்லிமீட்டர், அப்பத்தாவின் மதியத் தூக்கம்

நியூசிலாந்தில் இருக்கும் சித்தப்பா மகன் மான் வேட்டைக்கு .308 ரைஃபிள் வாங்கி, 22 அங்குலக் குழலை 16 அங்குலமாக வெட்டியிருக்கிறான். முனையில் சைலன்சரை மாட்டினால் துப்பாக்கி ஒரு சாண் நீண்டுவிடும், புதரில் இடிக்கும், அதற்காகத்தான் வெட்டு. ஓர் அங்குலம் போனால் வினாடிக்கு ஆறேழு மீட்டர் வேகமும் போகும், மானுக்கு மிச்சம் இருப்பதே போதும் என்கிறான். ஆனால் குண்டு ஒலியை முந்திப் பறப்பதால் காற்று கிழியும் ஓசை அப்படியே இருக்கும். சைலன்சர் அதைத் தொடாது. அதையும் ஒழிக்க வேண்டுமானால் .300 பிளாக்அவுட் என்ற வேறு வகைத் தோட்டாவில் கனமான குண்டைப் போட்டு ஒலியைவிட மெதுவாக அனுப்ப வேண்டும். அப்போது எட்டச் சுட முடியாது.

காரைக்குடியில் எனக்கு இந்தத் தலைவலி இல்லை. வேட்டைக்கு 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கதவடைத்துவிட்டது. சைலன்சரும் தடை செய்யப்பட்ட பொருள். திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடியில், பெயரில் வேட்டையை வைத்துக்கொண்டே, பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள். நான் சுடுவது இலக்கு அட்டையைத்தான், ஏர்கன் எனும் காற்றுத் துப்பாக்கியால்.

ரவை, அதாவது ஏர்கன் குண்டின் அளவில் அதிகம் யோசிக்கவில்லை. 5.5 மி.மீ. கனமானது, தூரம் போனாலும் வலு குறையாது. எனக்கோ வீட்டின் மூன்றாம் கட்டுப் பகுதியில் சுவருக்குச் சுவர் பத்து மீட்டர். ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா 2008இல் தங்கம் வென்றதும் இதே தூரத்தில், 4.5 மி.மீ. ரவையில்தான். ரவை வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் அதற்கு உரிமமும் வேண்டாம். ஈய ரவையைக் கையில் வைத்துப் பார்த்தால் குட்டி உடுக்கை: இடை சிறுத்து, பின்பக்கம் பாவாடை போல விரிந்து. அரை கிராம்.

குழல் நீளத்தில்தான் ஏமாந்தேன். நீளக் குழல் என்றால் வேகம் என்று நண்பனிடம் 45 செ.மீ. குழல் கொண்டதை இரவல் வாங்கினேன். என்னுடையது 30. இரண்டிலும் ஒரே ஸ்பிரிங் அமைப்பு. கைபேசியைத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்து ஒலியைப் பதிவு செய்தேன்: சுட்ட சத்தம் ஒன்று, எதிரே பிஸ்கட் தகரத்தில் ரவை மோதும் சத்தம் ஒன்று. இடைவெளி 0.085 வினாடி. மோதிய சத்தம் திரும்பி வர நம் ஊர் வெயிலில் 0.029 வினாடி ஆகும். கழித்தால், வினாடிக்கு ஏறக்குறைய 178 மீட்டர். நீளக் குழலில் 171! மூன்று நாள் திரும்பத் திரும்பச் சுட்டும் அதே கதை. ஸ்பிரிங் தள்ளுவது ஒரு கை காற்று. முதல் ஒரு சாணிலேயே அதன் வேலை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் குழல் ரவையை உரசத்தான் செய்யும். வெடிமருந்து போல எரிந்துகொண்டே தள்ள இதில் ஒன்றுமில்லை. நீளத்தால் ஒரே லாபம், ஸ்பிரிங்கை இறுக்கக் குழலை மடக்கி இழுக்கும்போது நெம்புகோல் போலச் சுலபமாக வரும். தோள் வலித்தாலும் குட்டையையே வைத்துக்கொண்டேன்.

அப்புறம் சத்தம். இரண்டாம் கட்டுப் பகுதியில் அப்பத்தா மதியம் தலை சாய்ப்பவர். ஒவ்வொரு ரவைக்கும் "என்னடா உடைக்கிறாய்?" என்று குரல் வரும். ஸ்பிரிங் ‘டங்’கென்று அதிர்வதுதான் காரணம் என்று, பிரிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து கெட்டிக் கிரீஸ் போட வைத்தேன். என் கன்னத்தில் அதிர்வு குறைந்தது. அப்பத்தாவின் குரல் குறையவில்லை.

ஒருநாள் துப்பாக்கியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். துப்பாக்கி கேட்கவே இல்லை. கேட்டதெல்லாம் பிஸ்கட் தகரம்.

தகரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, மரப்பெட்டியில் கண்மாய்க் களிமண்ணை அப்பி, மேலே ஈரச் சாக்கை விரித்தேன். ‘தொப்’. நாலு மணிக்கு எழுந்து வந்த அப்பத்தா, இன்றைக்குச் சுடவில்லையா என்று கேட்டார். அறுபது ரவை முடிந்திருந்தது.

மாலையில் புது கிரீஸுக்கு வேகம் ஏறியதா என்று பார்க்கக் கைபேசியை வைத்தேன். களிமண்ணில் மோதும் சத்தம் அதில் விழவே இல்லை. தகரத்தைத் தேடிக் கொல்லைக்குப் போனால், அதற்குள் அப்பத்தா அதில் துளசி நட்டிருந்தார்.