முதலில் லைப்ரரி காட் எடுங்கோ

ரொறன்ரோவுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் என்ன கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: கட்டில் மேசையெல்லாம் பிறகு வாங்கலாம், லைப்ரரி காட் எடுங்கோ. காசு இல்லை, பெயரையும் முகவரியையும் காட்டினால் போதும். நகரில் 100 கிளைகள். எங்களுக்குக் கிட்ட இருப்பது ஸ்காபரோவில், மார்க்கம் வீதியில் உள்ள சீடர்பிரே. வேறு கிளையில் இருக்கும் புத்தகத்தையும் இங்கே வரவழைத்து நம் பெயரில் எடுத்து வைப்பார்கள். பிந்திக் கொடுத்தால் தண்டமும் இல்லை, 2022இல் நிறுத்திவிட்டார்கள். தொலைத்தால் மட்டும் விலை கட்டவேண்டும், அது நியாயம்தானே.

ஆனால் புத்தகத்துக்காக மட்டுமா சனம் வருகிறது? பின்னேரம் போய்ப் பாருங்கள். வேலை விண்ணப்பம் அடித்துக்கொண்டிருக்கும் பெடியன், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தமிழ் அடுக்கில் நாவல் தேடும் ஐயா, பள்ளி விட்டு வந்து சிப்ஸ் பையை ஒளித்து வைத்துச் சாப்பிடும் பிள்ளைகள். பல கிளைகளில் புதிதாகக் குடிவந்தோருக்கு உதவவென்றே ஆட்கள் வந்து இருப்பார்கள், மருத்துவ அட்டையிலிருந்து பிள்ளையின் பள்ளிப் பதிவு வரை அவர்களிடம் கேட்கலாம். எனக்குப் பிடித்தது ஆங்கில உரையாடல் வகுப்பு. ஒருநாள் ஆப்கான் தாய் ஒருவரும் சீனத்துப் பாட்டியும் நானும் பனிச் சப்பாத்து எந்தக் கடையில் மலிவு என்று அரைமணி நேரம் வாதாடினோம், இலக்கணத்தை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை.

நாங்கள் வந்த 2023இல், அக்டோபர் கடைசியில், நூலகத்தின் கணினிகளை யாரோ இணையம் வழியாகத் தாக்கி முடக்கிவிட்டார்கள். இணையத்தளம் இல்லை, கணினி இல்லை, பிரிண்ட் இல்லை. திரும்பி வந்த புத்தகங்களைப் பதிய வழியில்லாமல் பத்து லட்சத்துக்கு மேல் குவிந்து, ட்ரெய்லர்களில் ஏற்றி வைத்தார்கள், வீட்டில் இருப்பதை இப்போதைக்குக் கொண்டு வரவேண்டாம் என்றும் கேட்டார்கள். சரி, இனி யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். கதிரைகள் அப்படியே நிறைந்துதான் இருந்தன. வைஃபை வேலை செய்தது, ஹீட்டர் வேலை செய்தது, வாசலில் சிரித்த முகத்தோடு ஆட்கள் இருந்தார்கள். கிளைகளை மூடவில்லை என்பதை இன்றைக்கும் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். எல்லாம் வழமைக்கு வர அடுத்த வருடம் பிறந்துவிட்டது.

அப்புறம், பிள்ளைகள் உள்ளவர்கள் அருங்காட்சியகம், மிருகக்காட்சிசாலை இலவச பாஸ் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். எண்ணிக்கை குறைவு, முந்தினவருக்குத்தான்.