தீப்பெட்டியும் தராசும்: வீட்டில் இயற்கணிதம் தொடங்கிய விதம்

தமிழ்நாட்டுப் பாடநூலில் இயற்கணிதம் ஆறாம் வகுப்பில்தான் தலைகாட்டுகிறது. பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வரிசையைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வை எழுதுவதற்கே 14 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதால், அதுவரை எதை முன்னே வைப்பது, எதைத் தள்ளி வைப்பது என்பது எங்கள் விருப்பம்தான். மூத்தவளுக்கு எட்டு வயதும் இளையவனுக்கு ஆறு வயதும் ஆனபோது நான் இயற்கணிதத்தை முன்னே கொண்டுவந்தேன். கையால் தொட்டுப் பார்க்கும் பொருள்களைக் கொண்டு கணக்கு சொல்லித்தருவது நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் எந்தப் பொருள் எதைத் தெளிவாகக் காட்டும், எந்த இடத்தில் அது நம்மைக் கைவிடும் என்பதை விளக்கிச் சொல்பவர்கள் குறைவு. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது.

முதலில் சரிசெய்ய வேண்டியது சமக்குறியை. 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கட்டத்தில் என்ன வரும் என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஒன்றிடம் கேட்டுப் பாருங்கள். 12 என்று சொல்லும். அல்லது கண்ணில் படும் எண்களையெல்லாம் கூட்டி 17 என்று சொல்லும். அமெரிக்க வகுப்பறைகளில் இதே கேள்வியைக் கேட்ட ஆய்வாளர்களும் இந்த இரண்டு விடைகளைத்தான் திரும்பத் திரும்பக் கண்டார்கள். 7 என்று சொல்பவர்கள் அரிது. 3 + 4 = என்ற வடிவிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் கணக்குப் போட்ட பிள்ளைக்குச் சமக்குறி என்பது ‘விடையை இங்கே எழுது’ என்ற கட்டளையாக ஆகிவிடுகிறது. இரு பக்கமும் ஒரே மதிப்பு என்பதை நாம் எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் அது காதோடு போய்விடும். இரண்டு தட்டுகள் உள்ள தராசு அதை ஒரே பிற்பகலில் சொல்லிவிடுகிறது. மின்னணுத் தராசு இதற்கு உதவாது. அது எண்ணைக் காட்டுமே தவிர, சமத்தைக் காட்டாது.

தராசில் வைக்கும் பொருளைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். புளியங்கொட்டை எண்ணுவதற்கு நல்லது, நிறுப்பதற்கு ஆகாது. ஒன்று பருத்தும் ஒன்று சிறுத்தும் இருக்கும். கோலிக்குண்டும் அப்படியே. ஒரு ரூபாய் நாணயங்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 1992 வரிசை நாணயம் 4.85 கிராம், 2011 வரிசை நாணயம் 3.79 கிராம், இரண்டும் கலந்தால் ஐந்தும் ஐந்தும் சமமாகாது. ஹார்டுவேர் கடையில் ஒரே அளவில் வாங்கிய இரும்பு நட்டுகள்தான் கடைசியில் நிலைத்தன. தெரியாத எண்ணை ஒளித்து வைப்பதற்குத் தீப்பெட்டி போதும். உள்ளே பஞ்சு அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் குலுக்கிப் பார்த்தே எண்ணிக்கையைச் சொல்லிவிடுவார்கள். காலிப் பெட்டிக்கும் பஞ்சுக்கும் எடை உண்டு என்பதால், ஒரு தட்டில் நட்டு நிரப்பிய பெட்டி எத்தனை அதிகமாக இருக்கிறதோ, அத்தனை காலிப் பெட்டிகளை அதே அளவு பஞ்சோடு எதிர்த்தட்டில் வைத்துவிட வேண்டும். எண்ணெய்க் கடைக்காரர் பாத்திரத்தின் எடைக்கு ஈடு வைத்துத் தடை கட்டுவதைப் பார்த்திருக்கும் மூத்தவளுக்கு இதை விளக்க வேண்டியே இருக்கவில்லை.

இரண்டு பெட்டியும் மூன்று நட்டும் ஒரு பக்கம், பதினொரு நட்டு மறுபக்கம் என்ற கணக்கைப் பிள்ளைகள் வெகு விரைவில் முடித்துவிடுகிறார்கள். 11இல் 3 போனால் 8, அதில் பாதி 4. இதைக் கண்டு பூரித்துப்போக வேண்டியதில்லை. இது பின்னோக்கிப் போகும் கூட்டல் கழித்தல்தான், இன்னும் இயற்கணிதம் ஆகவில்லை. தெரியாதது இரு பக்கமும் இருக்கும்போதுதான் வாசல் திறக்கிறது. இடத்தட்டில் இரண்டு பெட்டியும் மூன்று நட்டும், வலத்தட்டில் ஒரு பெட்டியும் எட்டு நட்டும் வைத்தேன். மூத்தவள் வழக்கம்போல மூன்று நட்டுகளை இரு பக்கமும் எடுத்தாள். இடப்பக்கம் இரண்டு பெட்டிகள் மட்டும், வலப்பக்கம் ஒரு பெட்டியும் ஐந்து நட்டும். அங்கே நின்றுவிட்டாள். வலத்தட்டுப் பெட்டியின் மேல் விரலை வைத்தபடியே, “உள்ள எவ்வளவு இருக்குன்னு தெரியாமலே எடுக்கலாமா அம்மா?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ரெண்டுலயும் ஒரே அளவுதானே, எவ்வளவா இருந்தா என்ன” என்று அவளே சொல்லிக்கொண்டு இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் இரண்டு பெட்டிகளையும் தூக்கினாள். முள் அசைந்து நடுவில் நின்றது. அளவு தெரியாத ஒன்றை, அளவு தெரியாத நிலையிலேயே கழிக்கலாம் என்பதைவிடப் பெரிய பாடம் தொடக்க இயற்கணிதத்தில் இல்லை என்பது என் எண்ணம்.

பெட்டியிலும் ஒரு குறை இருக்கிறது. அதற்குள் ஓர் எண் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, திறந்தால் தெரிந்துவிடும். இதையே தொடர்ந்து செய்தால் இயற்கணிதம் என்றால் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். அதற்காகத் திறக்கவே போகாத ஒரு டப்பாவையும் வைத்துக்கொள்கிறேன். இரண்டு டப்பாக்களில் ஒரே எண்ணிக்கையில் முறுக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். தம்பிக்கு ஒரு டப்பா; அக்காவுக்கு ஒரு டப்பாவும் வெளியே மூன்று முறுக்கும். தம்பி தன் டப்பாவிலிருந்து இரண்டைத் தின்றுவிட்டான். இப்போது யாரிடம் அதிகம், எத்தனை அதிகம்? இளையவன் டப்பாவைத் திறந்தால்தான் சொல்ல முடியும் என்று அடம்பிடித்தான். டப்பாவில் 10 இருந்தால், 20 இருந்தால், 100 இருந்தால் என்று அட்டவணை போட்டோம். ஒவ்வொரு வரியிலும் வித்தியாசம் 5 என்று வந்ததைப் பார்த்த பிறகு, ஆயிரம் இருந்தாலும் அதே ஐந்துதான் என்று அவனே சொல்லிவிட்டு, தனக்குத்தான் எப்போதும் குறைவு என்று சண்டைக்கு வந்தான்.

எழுத்தைக் கொண்டுவரும்போது எச்சரிக்கை வேண்டும். தக்காளிக்குத் ‘த’, வெங்காயத்துக்கு ‘வெ’ என்று வைத்து, 2த + 3வெ என்றால் இரண்டு தக்காளியும் மூன்று வெங்காயமும் என்று சொல்லிக்கொடுக்கும் வழக்கம் டியூஷன்களில் இன்னும் இருக்கிறது. அன்றைக்கு அது எளிதாகத்தான் இருக்கும். ஆனால் தக்காளியையும் வெங்காயத்தையும் பெருக்கினால் என்ன கிடைக்கும் என்று பிள்ளை கேட்டால், சாம்பார் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. எழுத்து நிற்பது பொருளுக்காக அல்ல, எண்ணுக்காக. அதனால் நாங்கள் தீப்பெட்டிக்குப் ‘பெ’ என்று வைக்காமல், அதற்குத் தொடர்பே இல்லாத ‘க’ என்ற எழுத்தை எடுத்துக்கொண்டோம். அதுவும் பெட்டி பெட்டியாகப் படம் வரைந்து கை வலித்த பிறகுதான்.

நிறக்கோல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெல்ஜிய ஆசிரியர் ஜார்ஜ் குயிசனேர் உருவாக்கிய இந்தப் பத்துக் கோல்களில் வெள்ளை 1 செ.மீ., சிவப்பு 2, மஞ்சள் 5, கறுப்பு 7 என்று நீளம் ஏறிக்கொண்டே போகும். எண்ணே சொல்லாமல் ‘சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் கறுப்பு’ என்று ஆறு வயதுப் பிள்ளை சொல்லும்போது அது ஒரு சமன்பாட்டைத்தான் சொல்கிறது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் ஒன்றுக்கு மேற்பட்ட தெரியாத எண்கள் வரும் கணக்குகளில் முதலாவதைத் தவிர மற்றவற்றுக்குக் கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு என நிறப்பெயர்களையே இட்டார் என்பது இந்தக் கோல்களைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரும். ஆனால் மஞ்சள் என்றால் 5 என்று மனப்பாடம் ஆகிவிட்டால் கோலின் பயன் போயிற்று. அவ்வப்போது “இன்னிக்கு வெள்ளை 2, அப்போ மஞ்சள் எவ்வளவு?” என்று கேட்டு அதைக் கலைத்துவிட வேண்டும்.

மாண்டிசோரி பள்ளிகளில் இருக்கும் ஈருறுப்புக் கனசதுரத்தையும் பலர் பரிந்துரைக்கிறார்கள். மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க் காலம் முழுவதும் இந்தியாவிலேயே இருந்தவர் என்பதால், அவருடைய கருவிகள் நம் ஊருக்குப் புதியவை அல்ல. எட்டு மரத்துண்டுகளை நிறம் பொருத்தி அடுக்கினால் (அ + ஆ)³ விரிவின் எல்லா உறுப்புகளும் கண்முன் நிற்கும். அழகான பொருள்தான். ஆனால் அதில் அ, ஆ இரண்டும் மாறாத நீளங்கள்; நான்கு வயதில் புதிராக அடுக்கி மகிழ்ந்த பிள்ளை, பின்னாளில் இயற்கணிதம் படிக்கும்போதுதான் அதன் பொருளை உணரும். விலையைப் பார்த்துவிட்டு நான் வாங்கவில்லை.

அதற்குப் பதிலாக ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஃபோம் ஷீட்டில் ஓடுகள் வெட்டினேன். 2 செ.மீ. பக்கமுள்ள சிறு சதுரம் ஒன்றைக் குறிக்கும். 2 செ.மீ. அகலமும் 10.7 செ.மீ. நீளமும் கொண்ட பட்டை ‘க’. பக்கம் 10.7 செ.மீ. ஆன பெரிய சதுரம் க². அதென்ன 10.7 என்று கேட்கலாம். 10 என்று வெட்டினால் பட்டையின் பக்கத்தில் ஐந்து சிறு சதுரங்களை அடுக்கிப் பார்த்து ‘க என்றால் 5’ என்று பிள்ளை கண்டுபிடித்துவிடும். முழு எண்ணில் அடங்காத நீளம்தான் பட்டையைத் தெரியாததாகவே வைத்திருக்கிறது. ஒரு பெரிய சதுரம், ஐந்து பட்டை, ஆறு சிறு சதுரம் ஆகியவற்றைக் கொடுத்து, இடைவெளி இல்லாமல் ஒரு செவ்வகம் அடுக்கச் சொன்னால், மூத்தவள் கொஞ்ச நேரம் மாற்றி மாற்றி வைத்துவிட்டு அடுக்கிவிடுவாள். ஒரு பக்கம் க + 2, இன்னொரு பக்கம் க + 3. காரணிப்படுத்துதல் என்ற பெயர் அவளுக்கு இன்னும் தெரியாது. சிறு சதுரங்களில் ஒன்றை எடுத்துவிட்டு ஐந்தோடு அடுக்கச் சொன்னால் செவ்வகம் அமையாது. ஏன் அமையவில்லை என்று யோசிப்பதில்தான் அமைந்ததைவிட அதிகம் கிடைக்கிறது.

இதே ஓடுகளில் 9ஆம் நூற்றாண்டின் பாக்தாத் அறிஞர் அல் குவாரிஸ்மியின் புகழ்பெற்ற கணக்கையும் போடலாம்: க² + 10க = 39. பெரிய சதுரத்தின் இரு பக்கங்களில் ஐந்தைந்து பட்டைகளை ஒட்டினால், மூலையில் 5க்கு 5 என்ற அளவில் ஓர் ஓட்டை விழுகிறது. அதை அடைக்க 25 சிறு சதுரங்கள் வேண்டும். 39உம் 25உம் சேர்ந்து 64. அப்படியானால் முழுச் சதுரத்தின் பக்கம் 8, க என்பது 3. இங்கே 10.7 செ.மீ. நமக்கு எதிரி ஆகிவிடுகிறது, பட்டையைக் காட்டி, “இது மூணா?” என்று மூத்தவள் கேட்டாள், நியாயமான கேள்வி. அட்டையின் வடிவத்தை நம்பலாம், அளவை நம்பக் கூடாது என்றேன். பிறகு 6 செ.மீ. நீளத்தில் புதிதாகச் சதுரமும் பட்டைகளும் வெட்டி, 9உம் 30உம் சேர்ந்து 39 ஆவதைச் சரிபார்த்தோம்.

குறை எண்களிடம் தராசு தோற்றுப்போகிறது. □ + 4 = 2 என்பதை எந்தத் தட்டிலும் வைக்க முடியாது. ஹீலியம் பலூன் கட்டி எடையைக் குறைக்கும் உபாயங்களைச் சிலர் சொல்கிறார்கள். அதைவிடக் கேரம் காய்களே மேல். ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு. ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் சேர்ந்தால் ஒன்றுமில்லை என்பது ஒப்பந்தம். ஒரு தாளின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் பெட்டியும் நான்கு வெள்ளையும், வலப்பக்கம் இரண்டு வெள்ளையும் வைக்கிறோம். நான்கை எடுக்க வலப்பக்கம் காய் போதாது. ஒன்றுமில்லாத இரண்டு ஜோடிகளை அங்கே சேர்க்கலாம், மதிப்பு மாறாது. இப்போது இரு பக்கமும் நான்கு வெள்ளைகளை எடுத்தால், பெட்டிக்கு எதிரே இரண்டு கறுப்புகள் மிஞ்சும். இதைத் தராசில் செய்துவிடக் கூடாது, கறுப்புக் காய்க்கும் எடை உண்டு.

ஓடுகளில் குறை எண்களைக் காட்ட இன்னொரு நிறம் பூசி, ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் முறை இருக்கிறது. (க − 2)(க − 3) என்பதற்கு அதை முயன்றோம். பரப்பளவு எப்படிக் குறையாகும் என்ற கேள்விக்குச் சொல்லும் விளக்கம் கணக்கைவிட நீண்டுபோனதால் விட்டுவிட்டேன். தாளில் நான்கு அறைகள் கொண்ட கட்டம் வரைந்து, மேலே க, −2 என்றும் பக்கவாட்டில் க, −3 என்றும் எழுதி, ஒவ்வொரு அறையிலும் பெருக்கி நிரப்புகிறாள்: க², −2க, −3க, 6. குறையும் குறையும் பெருகினால் மிகை என்பதைக் கேரம் காய்களில் ஏற்கெனவே பார்த்துவிட்டதால் கடைசி அறையில் தடங்கல் வரவில்லை. இந்தக் கட்டம் ஓடுகளின் செவ்வகம்தான். அளவு மட்டும் போய்விட்டது. மூன்று உறுப்புகள் உள்ள கோவைகளுக்கு அறைகளைக் கூட்டிக்கொண்டால் போதும், புதிதாக எதையும் வெட்ட வேண்டியதில்லை.