கடுங்காவல் என்ற சொல்லில் வேலை எங்கே?

"தீர்ப்புல காவல்னுதானே சார் இருக்கு, வேலைன்னு எங்க இருக்கு?" சிறைக்குள் நடந்த சட்ட உதவி வகுப்பில் வந்த கேள்வி இது. கடுங்காவல் என்றாலே வேலையும் சேர்த்துத்தான் என்று நான் சொன்ன பதில் சட்டப்படி சரிதான். ஆனாலும் உறுத்துகிறது.

கேட்டவர் மேல் தப்பில்லை. 'கடுங்காவல்' என்ற சொல்லில் உழைப்பே இல்லை. இந்தியில் 'சஷ்ரம்' (உழைப்போடு) என்னும்போதே வேலை காதில் விழுந்துவிடும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 53ஆம் பிரிவும், இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 4ஆம் பிரிவும் 'கடின உழைப்புடன்' என்றே சொல்கின்றன. 1894 சிறைச் சட்டம் அதற்கு வரம்பும் கட்டுகிறது: அவசரம் தவிர நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் கூடாது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது எடை பார்த்துக் கைதியின் சீட்டில் எழுத வேண்டும், உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மருத்துவர் சொன்னால் வேறு வேலை தர வேண்டும். விசாரணைக் கைதிக்கும் வெறுங்காவல் கைதிக்கும் விரும்பினால்தான் வேலை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவர், "மாட்டேன்னா?" என்றார்.

மறுத்தால் அதே சிறைச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி அது சிறைக் குற்றம். 46ஆம் பிரிவில் தண்டனைக் குறைப்புச் சலுகையே பறிபோகலாம். வேலை செய்யாவிட்டால் விடுதலை தள்ளிப்போகும் என்பதைச் சொல்லிவிட்டு, 'ஆனால் இது அடிமைத்தனம் இல்லை' என்று சேர்த்தது தேவையா?

சேர்க்கக் காரணம் உண்டு. 1930இன் சர்வதேசக் கட்டாய உழைப்பு ஒப்பந்தமே, நீதிமன்றத் தண்டனையாக அரசுக் கண்காணிப்பில் நடக்கும் வேலையைக் கட்டாய உழைப்பில் சேர்க்காமல் விலக்கி வைக்கிறது. தனியாருக்குக் கைதியை ஒப்படைக்கக் கூடாது என்பது நிபந்தனை. அமெரிக்கா 1865இல் அடிமைமுறையை ஒழித்த அதே வாக்கியத்தில் குற்றத்தண்டனைக்கு விலக்கு எழுதிக்கொண்டது. கட்டாய உழைப்பைத் தடுக்கும் நம் அரசியலமைப்பின் 23ஆம் பிரிவில் கைதி என்ற சொல்லே இல்லை. பொதுநோக்கச் சேவைக்கு மட்டும்தான் விலக்கு. மிச்சத்தை நிரப்பியது உச்ச நீதிமன்றம். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்கினாலே கட்டாய உழைப்பு என்றது 1982இல். கடுங்காவல் உழைப்பு செல்லும், நியாயமான கூலி கொடு, சாப்பாடு துணிச் செலவைக் கழித்துக்கொள் என்றது 1998இல். இரண்டையும் அருகருகே வைத்து வகுப்பில் விளக்குவது லேசில்லை.

சிறையில் சாதி பார்த்துத் துப்புரவு வேலை தருவது 23ஆம் பிரிவுக்கு விரோதம் என்று 2024இல் தீர்ப்பு வந்தது. ஆக, அந்தப் பிரிவு மதிலைத் தாண்டி உள்ளே போகிறது. எதுவரை போகும்?

வகுப்புக் குறிப்பில் இப்போது கூலிக் கணக்கு முதலில் வருகிறது. அடிமைத்தனம் பற்றிய வரியை அடித்தாகிவிட்டது. 'மாட்டேன்னா?' என்பதற்கு நேராக மட்டும் பழையபடி 45, 46 என்ற எண்கள்.