ஹாரன் இல்லாத மூன்று நாட்கள்

காலை ஐந்தரை மணி. எண்ணூர் விரைவுச் சாலையில் இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒற்றைக் காலை ஊன்றிச் சைக்கிளோடு நின்றேன்.

உப்புக்காற்றில் மணியின் மூடி துருப்பிடித்துவிட்டது. அடித்தால் ஓசை வருவதில்லை. ஹேண்டில்பாரைத் தொட்ட விரலில் கரித்தூள் மைபோல ஒட்டியது.

அப்போதுதான் அமெரிக்காவிலிருந்து அண்ணன் மகளின் குரல் வந்தது. "சித்தப்பா, மூன்று நாட்களாக ஒரு ஹாரன்கூடக் கேட்கவில்லை. ஆற்றுச் சத்தம் மட்டும்தான்."

அவள் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பது 'கிரேட் அலெகெனி பாசேஜ்' என்ற பாதையில். பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லேண்ட் வரை சுமார் 240 கிலோமீட்டர். காரும் லாரியும் ஓடாத பாதை.

சுற்றிலும் மலை. ஆனாலும் மூச்சு வாங்காதாம். அது பழைய ரயில் தடம், நிலக்கரி போன வழி. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாதல்லவா? அதனால் ஆறு வளையும் இடமெல்லாம் தானும் வளைந்து, நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டர்கூட உயராமல், மெல்ல மெல்ல 729 மீட்டர் உச்சிக்குப் போகிறது. அங்கே ஒரு பக்கம் விழும் மழை மெக்சிகோ வளைகுடாவுக்கு, மறுபக்கம் விழுவது அட்லாண்டிக்குக்கு. அந்தக் கோட்டின்மேல் சக்கரத்தை நிறுத்திப் படம் எடுத்திருக்கிறாள்.

கம்பர்லேண்டிலிருந்து வாஷிங்டன் வரை கால்வாய்க்கரை. ஒருகாலத்தில் கோவேறு கழுதைகள் படகு இழுத்த பாதை.

கால்வாய் என்றதும் நெஞ்சு அடைத்தது. நம் பக்கிங்காம் கால்வாயிலும் படகுகள் போயின. அதன் கரையில் ஒரு சைக்கிள் போகும் அகலம் போதும். பேராசையா இது?

லாரி ஓட்டுநர் கையை வெளியே நீட்டி, "முதலில் நீங்கள் போங்கள்" என்று சைகை காட்டினார்.

முகத்துவாரம் வரை மிதித்தேன். அங்கே நின்று அவளுக்குப் பதில் அனுப்பினேன்: "அந்தக் கால்வாய்க்கரையை முழுதும் படம் எடுத்து வா, கண்ணு."