லௌரெயா (பட்டம் பெறும் நாள்) விருந்துக்கு மேசை பதிய முன்னர்

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவில் நல்ல ரிஸ்தொராந்தே (உணவகம்) ஒன்றின் குசினி இரவு எட்டு மணிக்கு முன் தொடங்குவது அரிது. கோடையில் எட்டரை, ஒன்பதுகூட ஆகும். பகலில் ஒரு மணிக்கும் இரண்டரைக்கும் இடையில்தான் சாப்பாடு. மூன்று மணிக்குப் போனால் அடுப்பு அணைந்திருக்கும். கிழமையில் ஒரு நாள் பூட்டு. ஓகஸ்ட் 15-ஐ ஒட்டி, கடற்கரைப் பக்கம் இல்லாத பல இடங்கள் கிழமைக்கணக்கில் பூட்டியிருக்கும். சின்னப் பிள்ளைகள், நேரத்துக்குச் சாப்பிட வேண்டிய நீரிழிவுக்காரர் உள்ள குடும்பம் இதை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். ஏழு மணிக்கு வீட்டில் ஏதாவது கொஞ்சம் கொடுத்துக் கூட்டிப்போவதுதான் நல்லது.

இந்த நகரத்தில் நம்மவர் பலருக்கு இத்தாலியச் சமையல் புதிதல்ல. 1980களிலிருந்து இங்கே வந்த ஈழத்தமிழரில் பெரும் பகுதியினர் வீட்டுவேலையில் சேர்ந்து, முதலாளி வீட்டுக் குசினியிலேயே சுகோ என்னும் தக்காளிக் குழம்பு காய்ச்சவும் கத்தரிக்காய் பொரிக்கவும் பழகியவர்கள். ஆனால் குசினியில் நிற்பதும் மேசையில் இருப்பதும் வேறு வேறு. மகளோ மகனோ பட்டம் எடுக்கும் லௌரெயா நாளில், தலையில் லோரல் இலை வளையமும் கையில் சிவப்புச் சீனி பூசிய பாதாமுமாகப் பிள்ளை வெளியே வர, பன்னிரண்டு பதினைந்து பேர் சேர்ந்து ஒரு பெரிய உணவகத்துக்குப் போகிறோம். அன்றைக்குக் குழப்பம் வருவது முள்ளுக்கரண்டி பிடிப்பதில் இல்லை. முன்கூட்டியே கேட்காமல் விட்டவற்றில்தான் வருகிறது.

எட்டுப் பேருக்கு மேல் என்றால் இணையத்தில் பதியாமல் தொலைபேசியில் கதையுங்கள். பெயரைச் சின்னதாகக் கொடுங்கள். இங்கே எழுத்துக்கூட்டுவது ஊர்ப் பெயர்களால்: ‘ஆ கோமே அங்கோனா’, ‘எர்ரே கோமே ரோமா’, ‘தி கோமே தொரீனோ’. பதினைந்து எழுத்துப் பெயரை இப்படிச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் வேறு ஏதோ எழுதியிருப்பார்கள். வாசலில் உங்கள் பெயர் பட்டியலில் இருக்காது. ‘ரவி’, ‘செல்வா’ போதும். இத்தாலியச் சொற்கள் தமிழ் வாய்க்கு எளிதாக வரும். அவர்களுடைய ‘த’ நம்முடைய ‘த’ தான். இரட்டித்து வரும் எழுத்தை அழுத்திச் சொல்வதும் நமக்குப் பழக்கம். கூச்சப்படாமல் கதைக்கலாம்.

பெரிய கூட்டத்துக்கு அவர்களே ‘மெனூ கொன்கொர்தாத்தோ’, அதாவது பேசி முடித்த ஒரே மெனூவைச் சொல்வார்கள். அதைச் சந்தேகப்பட வேண்டாம். பாஸ்தா கேட்ட பிறகுதான் அவிக்கப்படுகிறது. வடித்து இரண்டு மூன்று நிமிடம் நின்றாலே ஊறிப் பிசுபிசுக்கத் தொடங்கிவிடும். பதினைந்து பேர் ஏழு விதமான பாஸ்தா கேட்டால் எல்லாத் தட்டும் ஒன்றாக வெளியே வராது. ஒருவருக்கு ஆறிப்போகும், இன்னொருவர் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு ப்ரீமோ (முதல் தட்டு), இரண்டு செகொந்தோ (இரண்டாம் தட்டு) என்று முடிவெடுத்து, சைவக்காரருக்குத் தனியே ஒரு வரிசை கேட்பதுதான் சரி. தலைக்கு எவ்வளவு, அதில் தண்ணீர், வைன், கோப்பி சேருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். முற்பணமாக ‘கபார்ரா’ கேட்பது வழமை. சில இடங்களில் வங்கி அட்டை இலக்கம் கேட்டு, வராத தலைக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். ஆள் குறைந்தால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் பிந்தினால் மேசை கைமாறலாம். நம் வீட்டுக் கொண்டாட்டத்தில் ஒரு மணித்தியாலம் பிந்தி வருவது ஒரு பொருட்டில்லை. இங்கே அது சமையலையே கெடுக்கும்.

கேக் கொண்டுபோவதானால் அதையும் அப்போதே கேளுங்கள். வீட்டில் செய்த கேக்கை உணவுச் சுகாதார விதியைக் காட்டிப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். பேஸ்ட்ரிக் கடையில் வாங்கி, பற்றுச்சீட்டோடு கொண்டுபோக வேண்டும். வெட்டிப் பரிமாறத் தலைக்கு ஒன்றிரண்டு யூரோ ‘செர்வித்சியோ தோர்தா’ என்று போடுவதும் உண்டு.

மெனூ அட்டையின் வரிசை அந்திபாஸ்தோ (முன்னுணவு), ப்ரீமோ, செகொந்தோ, கொந்தோர்னோ, தோல்ச்சே (இனிப்பு). ப்ரீமோ என்றால் பாஸ்தா அல்லது சோறு. செகொந்தோ மீன் அல்லது இறைச்சி. செகொந்தோவுடன் மரக்கறி வராது. அதைக் கொந்தோர்னோ என்று தனியே எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் எடுக்கக் கட்டாயமில்லை. ஒரு அந்திபாஸ்தோவும் ஒரு ப்ரீமோவும் எடுத்து நிறுத்தினால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். அந்திபாஸ்தோவை நடுவில் வைத்துப் பகிரலாம். ஒரு பாஸ்தாத் தட்டை நாலு பேர் பகிர்வது மட்டும் இப்படியான இடத்தில் பொருந்தாது. ‘தெகுஸ்தாத்சியோனே’ என்னும் சுவைமெனூ பெரும்பாலும் மேசை முழுவதற்கும்தான். ஒருவருக்கு மட்டும் தரமாட்டார்கள். அதற்கான வைன் வரிசைக்கு விலை வேறு.

இனி, மறைந்திருப்பவை. இதில்தான் நம்மவர் அதிகம் கவனிக்க வேண்டும்.

‘வெஜெதரியானோ’ என்று மட்டும் சொன்னால் போதாது. சிலருக்கு அது இறைச்சித் துண்டு இல்லாத தட்டு என்றுதான் விளங்கும். இறைச்சி அவித்த ரசமான ப்ரோதோவும், எண்ணெயில் கரைத்த நெத்தலிக் கருவாடு போன்ற அச்சூகேயும் உள்ளே இருந்துவிடும். ‘நே கார்னே, நே பேஷே, நே ப்ரோதோ தி கார்னே’ (இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம், இறைச்சி ரசமும் வேண்டாம்) என்று மூன்றையும் சொல்லுங்கள். மாடு மட்டும் விலக்குபவர் ‘மன்ட்ஸோ’, ‘விதெல்லோ’ இரண்டையும் சொல்ல வேண்டும். விதெல்லோ கன்றிறைச்சி, ‘மன்ட்ஸோ இல்லை’ என்ற பதில் விதெல்லோவுக்குச் செல்லாது. ப்ரெசாவோலா காய்ந்த மாட்டிறைச்சி, கார்பாச்சோ பச்சை மாட்டிறைச்சி. மீன் கார்பாச்சோவும் இருப்பதால் எது என்று கேட்க வேண்டும். வடக்கே மிலானோவில் குங்குமப்பூ போட்ட மஞ்சள் ரிசோத்தோ (குழைந்த சோறு) பார்க்கச் சைவம் போலத்தான் இருக்கும். பாரம்பரிய முறையில் அதில் மாட்டெலும்பு மச்சையும் இறைச்சி ரசமும் சேரும். பொலோஞ்ஞாவின் உள்ளீடு வைத்த பாஸ்தாவான தொர்தெல்லீனிக்குள் பன்றி. ரோமாவின் கார்பொனாரா பாஸ்தாவில் பன்றிக் கன்னத்துக் குவஞ்சாலே.

பாற்கட்டியில் இன்னொரு சங்கதி. பர்மிஜானோ ரெஜ்ஜானோவின் பாலை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறை. அந்தப் பெயர் பெற அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது விதி. க்ரானா பதானோவும் அப்படியே. பெக்கொரீனோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் உறை. கடும் சைவக்காரர் இவற்றை விலக்கினால், பச்சிலையும் பாற்கட்டியும் அரைத்த பெஸ்தோவும் பெரும்பாலான ரிசோத்தோவும் விலகும். ‘செண்ட்ஸா ஃபொர்மாஜ்ஜோ’ (பாற்கட்டி இல்லாமல்) என்று கேளுங்கள். ஏற்கெனவே அரைத்து வைத்த பெஸ்தோவிலிருந்து பாற்கட்டியைப் பிரிக்க முடியாது. அதைக் கேட்பது வீண்.

முட்டை சாப்பிடாதவருக்குத் தென் இத்தாலி நல்ல இடம். பாக்கெட்டில் வரும் உலர் பாஸ்தா கோதுமை ரவையும் தண்ணீரும்தான். திராப்பனிப் பக்கத்துப் புசியாத்தே போன்ற புதுப் பாஸ்தாவிலும் வழமையாக முட்டை இல்லை. வடக்குப் புதுப் பாஸ்தாவில் முட்டைதான் முதல். பொரித்த கத்தரிக்காயும் தக்காளியும் சேரும் பாஸ்தா அல்லா நோர்மாவை, மேலே தூவும் உப்பு ரிகொத்தாப் பாற்கட்டி இல்லாமல் வாங்கலாம். கத்தரிக்காய், செலரி, ஒலிவ், கேப்பர், வினாகிரி, சீனி சேர்ந்த கபொனாத்தா நம் கத்தரிக்காய் மோஜுவுக்குக் கிட்ட நிற்கும். பெரிய உணவகங்களில் அதில் கணவாயோ மீனோ சேர்க்கக்கூடும் என்பதால் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள். கடலைமாவைத் தண்ணீரில் காய்ச்சி ஆறவிட்டு, மெல்லிய துண்டாக வெட்டிப் பொரிக்கும் பனெல்லே தெருவில் பாணுக்குள் வைத்து விற்பது. அதையே சின்னத் தட்டில் அழகாக வைத்து அந்திபாஸ்தோவாகத் தருவார்கள்.

இனிப்பிலும் கவனம் வேண்டும். பன்னகோத்தாவில் ஜெலட்டின், திரமிசூவில் பச்சை முட்டை, சில இடங்களில் மதுவும். கன்னோலோவின் மொறுமொறுத்த கூட்டில் பன்றிக்கொழுப்பும் மர்சாலா வைனும் சேர்வது பழைய முறை. சைவக்காரரும் சாப்பிடக்கூடியது என்றால் கோடையில் ஜேலோ தி மெல்லோனே. வத்தகப்பழச் சாற்றைச் சோளமாவிலோ கோதுமை மாச்சத்திலோ காய்ச்சி உறைய வைத்தது. மல்லிகை வாசமும் கறுவாவும் சேர்ந்து வரும். நம் வீட்டுப் பெரியவர்கள் முதல் வாயிலேயே விரும்பிச் சாப்பிடுவது இதுவாகத்தான் இருக்கும்.

கேட்காமலே முதலில் ஒரு சின்னக் கரண்டியிலோ கிண்ணத்திலோ ‘பென்வெனூத்தோ’ என்று குசினி அனுப்பும் வரவேற்புத் துண்டு வரும். காசில்லை. அதில் பச்சை இறாலோ பன்றியோ இருக்கலாம், மெனூவிலும் இருக்காது. விலக்குபவற்றைப் பதியும்போதே சொன்னால் அந்தத் துண்டையும் மாற்றி அனுப்புவார்கள். மேசையில் இருந்தபின் சொன்னால் வெறும் தட்டுத்தான். ஒவ்வாமை இருந்தால், ஐரோப்பிய விதிப்படி 14 ஒவ்வாமைப் பொருள்களின் விவரத்தை உணவகம் காட்டியாக வேண்டும். ‘அல்லெர்ஜெனி’ பட்டியலைக் கேளுங்கள். எள்ளும் அதில் ஒன்று. சிசிலியப் பாணில் எள் தூவியே வரும்.

மட்சாராவின் சிவப்பு இறாலைப் பச்சையாகத் தருவது இந்தத் தீவின் பெருமை. பச்சையாகப் பரிமாறும் மீனை ஒட்டுண்ணியைக் கொல்வதற்காக மைனஸ் 20 பாகையில் ஒரு நாள் உறைய வைத்திருக்க வேண்டும்; மெனூவில் ‘அப்பத்தூத்தோ’ என்று எழுதுவது இதைத்தான். ஆனாலும் கர்ப்பிணிப் பெண்கள் விலக்குவதே சரி. உணவுப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் இருந்தால் பொருள் உறைந்ததாகவும் இருக்கலாம் என்று அர்த்தம்.

பில்லில் அதிர்ச்சி வருவது பெரும்பாலும் முழு மீனால். அட்டையில் மீனுக்குப் பக்கத்தில் 7 யூரோ என்று கண்டு மலிவு என நினைத்துவிடக் கூடாது. கீழே ‘அல்லெத்தோ’ என்று இருக்கும். ஒரு எத்தோ 100 கிராம். 900 கிராம் மீன் என்றால் 63 யூரோ. நிறுப்பது சமைக்க முன்னர், தலையும் முள்ளும் குடலும் சேர்த்து; தட்டுக்கு வருவது அதில் பாதியளவுதான். மீனைத் தட்டில் வைத்துக் காட்ட வருவார்கள். அந்த நேரத்தில் ‘குவாந்தோ பேசா?’ என்று எடையையும், மொத்த விலையையும் கேளுங்கள். அது அநாகரிகமல்ல, இத்தாலியரும் கேட்பதுதான். ‘இன்றைக்கு நல்ல மீன் வந்திருக்கிறது’ என்று பரிமாறுபவர் வாயால் சொல்லும், அட்டையில் இல்லாத உணவுக்கும் இதே கேள்வி. வடக்கே இலையுதிர்காலத்தில் தட்டின் மேல் சீவும் வெள்ளைத் தர்தூஃபோ என்னும் நிலத்தடிக் காளானுக்குக் கிராம் கணக்கில் காசு. போதும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மேசையில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். துவாய் மடியில். வெளிப்பக்கக் கரண்டியிலிருந்து உள்ளே. ஸ்பகெத்தியை வெட்டுவதில்லை, நாலைந்து இழையை மட்டும் முள்ளுக்கரண்டியில் பிடித்துத் தட்டின் ஓரத்தில் சுற்ற வேண்டும். அதிகம் எடுத்தால் உருண்டை வாய்க்குள் போகாது. மீன் பாஸ்தாவுக்குப் பாற்கட்டி கேட்க வேண்டாம். உறைப்பு வேண்டுமானால் ‘பெப்பெரொன்சீனோ’ கேட்கலாம், ஆனால் முதலில் ருசித்துப் பாருங்கள். நல்ல மீனுக்கு மேல் செத்தல் மிளகாய் போட்டால் கொடுத்த காசின் ருசி போய்விடும். மது எடுக்காதவர் சொன்னால் கிளாஸை எடுத்துவிடுவார்கள். வைனை முதலில் ஒருவருக்குக் கொஞ்சம் ஊற்றுவது பழுதா என்று மணந்து பார்க்க. பிடிக்கவில்லை என்று திருப்ப அல்ல. சாப்பாட்டுக்குப் பின் கோப்பி என்றால் எஸ்ப்ரெசோ. கப்புச்சீனோ காலைக்குரியது. ஒருவர் சாப்பிட்டு முடியும் வரை மற்றவர் தட்டை எடுப்பதில்லை என்பதால் இரண்டரை மணித்தியாலம் ஓடிவிடும்.

பில் தானாக வராது. ‘இல் கொந்தோ, பெர் ஃபவோரே’ என்று கேட்கும்வரை மேசை உங்களுடையது. தலைக்கு இரண்டு முதல் ஐந்து யூரோ வரை கொபெர்த்தோ என்னும் மேசைக் கட்டணம் இருக்கும். பாணும் மேசை விரிப்பும் அதற்குள். அது மெனூவில் எழுதியிருக்க வேண்டும், எழுதாததைக் கேட்டால் மறுக்கலாம். ‘செர்வித்சியோ’ என்று வீதக் கணக்கில் தனி வரி இருந்தால் மேலே காசு வைக்கத் தேவையில்லை. இல்லாவிட்டாலும் கட்டாயமில்லை, நன்றாகக் கவனித்திருந்தால் மேசைக்கு ஐந்து பத்து யூரோவைக் காசாக வைப்பது போதும். பிரிப்பதானால் ‘அல்லா ரொமானா’, எல்லாருக்கும் சம பங்கு. ஆனால் அழைத்தவர்தான் கொடுப்பார் என்பது இந்த ஊர் வழமை. முதலாளி வீட்டார் அழைத்திருந்தால் பணப்பையை எடுத்து இழுபறிப்படாமல் நன்றி சொல்லி, அடுத்த கிழமை வீட்டில் சுட்ட றோல்ஸ் ஒரு பெட்டி கொண்டுபோய்க் கொடுங்கள். நீங்கள் கொடுப்பதானால், இனிப்பு வரும் நேரம் எழுந்துபோய்க் காசாளரிடம் பில்லை வரி வரியாகப் பாருங்கள்: தலை எண்ணிக்கை, தண்ணீர்ப் போத்தல் எண்ணிக்கை, மீனின் எடை. முற்பணம் கழித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.