கிட் கோலாவை நிக்ஸுக்குள் கொண்டுவந்தாயிற்று

கோட் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியை ஜன்னல் வழியே இயக்க உதவும் செயலி கிட் கோலா. ஒருவழியாக அதன் விருப்பங்கள், நிக்ஸ் கோப்பில் எழுதியபடி கணினி அமைப்புகளை உருவாக்கித் தரும் ஹோம் மேனேஜரின் கைக்கு வந்துவிட்டன. புது லேப்டாப்பில் அதன் 'ஸ்விட்ச்' கட்டளை கொடுத்ததும் டிஃப் (கோட் வேறுபாடு) காட்டும் எழுத்துரு, டேப் அகலம், தீம் எல்லாம் கேட்டபடியே வந்து நின்றன. அத்தனை சந்தோஷம்!

கோலாவைத் தேர்ந்ததே இதற்காகத்தான். பெரும்பாலான விருப்பங்களை அது கிட்டின் சொந்த கான்ஃபிக்கில் (அமைப்புக் கோப்பில்), 'கோலா' என்ற பிரிவிலேயே வைக்கிறது. பெயர், மின்னஞ்சல் எழுதும் அதே நிக்ஸ் கோப்பில் இதையும் எழுதிவிடலாம்.

இழுத்தடித்தது ப்ரிஃபரன்சஸ் ஜன்னல்தான். அங்கே எதை மாற்றினாலும் பின்னால் ஓடுவது 'கிட் கான்ஃபிக் குளோபல்', பயனரின் பொது கிட் அமைப்பை எழுதும் கட்டளை. ஹோம் மேனேஜர் வைத்த கோப்போ, எழுத முடியாத நிக்ஸ் ஸ்டோர் என்ற கிடங்கிலுள்ள கோப்புக்குப் போகும் சிம்லிங்க் (சுட்டி). கான்ஃபிக் கோப்பைப் பூட்ட முடியவில்லை, ரீட் ஒன்லி என்று கிட் கைவிரித்துவிடும். எழுத்துருவை ஜன்னலில் பார்த்துப் பார்த்துத்தானே தேர்வு செய்ய முடியும்? கோலாவின் ஜன்னல்களை வரையும் க்யூட்டி நூலகத்தின் எழுத்துரு வரி கமாவும் எண்ணுமாக நீளும். யார் அதை மனதிலிருந்து எழுதுவது?

வழி கிட்டிலேயே இருக்கிறது. ஹோம் டைரக்டரியில் காலியாக ஒரு '.கிட்கான்ஃபிக்' இருந்தாலே போதும், குளோபல் எழுத்தெல்லாம் அதில்தான் விழும். படிக்கும்போது இரண்டையும் படிக்கும். நிக்ஸ் தந்தது முதலில், இது பிறகு. அதனால் ஹோம் மேனேஜர் அமைப்புகளை நடைமுறைப்படுத்தும் ஆக்டிவேஷனில், கோப்புகளை எழுதலாம் என்று குறிக்கும் 'ரைட்பவுண்டரி' கட்டத்துக்குப் பின், காலிக் கோப்பை உருவாக்கும் டச் கட்டளை ஒன்றைச் சேர்த்தேன். ஜன்னலில் மாற்றிப் பார்ப்பேன். பிடித்த வரியை நிக்ஸுக்கு எடுத்துக்கொண்டு, அந்தக் கோப்பைத் திரும்பக் காலி செய்வேன். காலி செய்வதுதான் முக்கியம். மிச்சம் இருக்கும் வரி பிறகு படிக்கப்படுவதால், நிக்ஸில் எழுதியதை அது சத்தமில்லாமல் அமுக்கிவிடும். சந்தேகம் வந்தால் 'கிட் கான்ஃபிக்' கட்டளையோடு 'ஷோ-ஆரிஜின்' போட்டுப் பாருங்கள், எந்த மதிப்பு எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்று சொல்லிவிடும்.

ஜன்னல் அளவு, புக்மார்க் போன்றவை கோலாவின் தனி ஜேசன் கோப்பில் இருக்கின்றன. அவை தினமும் மாறுபவை, அதனால் தொடவில்லை.

இன்னொரு லாபம்: கிட் கான்ஃபிக்கின் 'கூயிடூல்' பிரிவில் எழுதிய என் சொந்தக் கட்டளைகள் கோலாவிலும் வருகின்றன, கிட்டோடு வரும் பழைய ஜன்னல் செயலியான கிட் கூயியிலும் வருகின்றன. சர்வரில் நீக்கப்பட்ட கிளைகளைக் களைந்து (ப்ரூன்), புது மாற்றங்களை ஃபெட்ச் எடுப்பது ஒரே கிளிக். ரிபேஸுக்கான (கமிட்களை வேறு அடித்தளத்துக்கு மாற்றுவதற்கான) கட்டளைகளை இன்னும் சேர்க்கவில்லை.

அதற்குள் மனம், டெர்மினலில் ஓடும் இன்னொரு கிட் செயலியான லேசிகிட்டுக்குப் போய்விட்டது. பதிப்பு மாறும்போது அது தன் யாமல் வடிவ அமைப்புக் கோப்பைத் தானே திருத்தி எழுதப் பார்க்கும், ஸ்டோரில் அது நடக்காது. அந்தக் கோப்பில், டிஃப்பை எந்தக் கருவி காட்டும் என்று சொல்லும் 'பேஜிங்' இப்போது 'பேஜர்ஸ்' என்ற பட்டியலாகிவிட்டது. அதை நிக்ஸிலேயே மாற்றி, டிஃப்பை வண்ணத்தோடு காட்டும் டெல்டாவைப் பொருத்திப் பார்க்க வேண்டும். அது வரும் சனிக்கிழமை வேலை.