35ன்னா 35 தானா?

கதவு நிலை ஃபிரேமுக்குள்ள எட்டிப் பார்க்குது. பார்க்கவே கூடாது.

அன்ரியல்ங்கற 3டி மென்பொருள்ல கேமரா வாசலைத் தாண்டி உள்ளே போகும். அந்த அசைவை எஃப்பிஎக்ஸ் கோப்பா எடுத்து, பிளெண்டர்ங்கற இன்னொரு 3டி மென்பொருள்ல ஏற்கெனவே வச்சிருந்த கேமராவுக்கு மாட்டியிருந்தேன். பாதை அச்சு அசல். ரெண்டு பக்கமும் 35 மி.மீ. லென்ஸ்.

ராத்திரி 2 மணிக்குத்தான் சென்சாரை, அதாவது லென்ஸுக்குப் பின்னால படம் விழற பரப்போட அளவைப் பார்த்தேன்.

அன்ரியல்ல அகலம் 23.76 மி.மீ. பிளெண்டர்ல 36. அதே லென்ஸ்தான், ஆனா ஒன்றரை மடங்கு அகலமா காட்டும்.

ஒரே இடத்துல நின்னு ஒரே பக்கம் பார்க்கிற ரெண்டு பேருக்கு வேற வேற தெரியுது. எங்க வீட்ல தினமும் நடக்கறதுதான்.

பிளெண்டர்லயும் சென்சார் அகலத்தை 23.76னு மாத்தினேன். நிலை வெளியே போயிடுச்சு.

டீ போட எழுந்தவன் அடுப்படி நிலையில இடிச்சுக்கிட்டேன்.